ஆற்றுக்குக் கூட்டிப் போ

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்ஸிகோப் பாடகி சாவேலா வர்காஸ் பாடிய ‘லா யொரோனா’ என்ற காதல் பாட்டை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மொழி தெரியாமலே அழுகை வருகிறது. தேடிப் பார்த்தால், யொரோனா என்பது பெற்ற பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்தவளின் பேயாம். காதலியை யாராவது பேயின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

யொரோனா என்றால் அழுகிறவள். ராத்திரியில் ஆற்றங்கரையில் ‘ஐயோ, என் பிள்ளைகளே’ என்று அலைகிறவளின் கதை மெக்ஸிகோவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பாட்டு அந்தக் கதையைச் சொல்வதில்லை. அது தெற்கே, ஓஹாகா மாநிலத்தின் தெஹுவாந்தெபெக் பகுதி நாட்டுப்பாட்டு. எல்லாம் நாலு நாலு அடியாகத் தனித்தனிச் செய்யுள்கள். பாடுகிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். நடுநடுவே ‘யொரோனா’ என்ற விளி மட்டும் வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

ஒன்றில் அவள் கோயிலிலிருந்து வெளியே வருகிறாள். அவள் போட்டிருந்த உய்பீலின் அழகில் மாதாவே வருவதாக நினைத்துவிட்டேன் என்கிறான் காதலன் (உய்பீல் அந்த ஊர்ப் பெண்களின் மேல்சட்டை, வெல்வெட்டில் பெரிய பெரிய பூக்கள் தைத்திருக்கும்). இன்னொன்றில், ‘நான் பச்சை மிளகாய் மாதிரி, காரம்தான், ஆனால் ருசி’ என்கிறான். அப்புறம் கல்லறைப் பூக்கள் காற்றில் அசைகின்றன, அழுவது போல. இந்தக் குறும்பும் அந்தச் சாவும் ஒரே மெட்டில் ஒட்டி உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தீரவில்லை.

சாவேலா 1919இல் கோஸ்டா ரிக்காவில் பிறந்து மெக்ஸிகோவுக்கு வந்தவர். ஆண்கள் பாடும் காதல் பாட்டுகளை ஒரு சொல்லும் மாற்றாமல் பெண்ணை நோக்கியே பாடினார். தான் பெண்களை நேசிப்பவள் என்று வெளிப்படையாகச் சொன்னபோது அவருக்கு வயது 81. ‘உயிரையே கொடுத்துவிட்டேன், இன்னும் என்ன வேண்டும்?’ என்று அவர் கிட்டத்தட்டக் கத்துகிற இடத்தில் அத்தனை வருடமும் கேட்கிறது.

சரி, உங்கள் கேள்வி. அதே பாட்டில் ஒரு செய்யுள் இருக்கிறது: ‘யொரோனா, என்னை ஆற்றுக்குக் கூட்டிப் போ, குளிரில் சாகிறேன், உன் ரெபோசோவால் என்னைப் போர்த்து.’ எல்லாரும் பயந்து ஓடுகிற அதே ஆற்றுக்குத்தான் இவன் போகக் கேட்கிறான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ரெபோசோ என்பது மெக்ஸிகோப் பெண்கள் தோளில் போடும் நீளத் துணி. கைக்குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வதும் அதில்தான்.