அம்மை, அக்கி, அப்புறம் போகாத அந்த வலி: கேட்டவர்களுக்குப் பதில்

கே: ஆறு வயது மகனுக்கு அம்மை (சின்னம்மை) போட்டிருக்கிறது. மருந்தே கூடாது, ஒன்பதாம் நாள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும், டாக்டர்?

மாமியார் சொல்வதில் பாதி நல்லதுதான். தனியாகப் படுக்கவைப்பது, இளநீர், மெல்லிய பருத்தித் துணி எல்லாம் இருக்கட்டும். வாசலில் வேப்பிலை செருகினால் அக்கம்பக்கத்தாரும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் குளிக்க ஒன்பது நாள் காத்திருக்க வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான நீரில், தேய்க்காமல் குளிப்பாட்டுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்த இடம்தான் சீழ்பிடித்துத் தழும்பாகிறது. அரிப்புக்குக் காலமைன் தடவலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அம்மை கண்ட குழந்தைக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோயைக் கொண்டுவரலாம். ஐபுபுரூஃபனும் வேண்டாம். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டிய பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள். மூச்சு வாங்கினாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

கே: மகனிடமிருந்து என் கணவருக்கும் (38 வயது) வந்துவிட்டது. நான் ஐந்து மாத கர்ப்பம். எனக்கு அம்மை வந்த ஞாபகமே இல்லை.

முதலில் உங்கள் விஷயம். இன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் சீக்கிரம் செய்ய வேண்டிய தடுப்பு வழி உண்டு. அடுத்து கணவர் விஷயம். பெரியவர்களுக்கு வரும் அம்மை நுரையீரல் வரை போகக்கூடியது. கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற கிருமி எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம். இருமலும் மூச்சுத் திணறலும் வருகிறதா என்று கவனியுங்கள்.

கே: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. இடுப்பில் ஒரு பக்கமாக அக்கி. குயவர் வீட்டில் காவி குழைத்துச் சிங்கம் எழுதிவிட்டார்கள். எரிச்சல் குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார். போதுமா?

போதாது. அக்கி வந்து எத்தனை நாள் ஆயிற்று? மூன்று நாளுக்குள் என்றால் இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள்.

சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி முழுதாகப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் வருடக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். வயதோ சர்க்கரையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது விழித்து, ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவது அதனால்தான்.

ஈரக் காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் படக்கூடாது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தோல் ஆறிவிடும். அதனால்தான் எழுதியதால் போயிற்று என்று நம்புகிறோம். சேதம் நடப்பது உள்ளே, நரம்பில். அதைக் குறைக்கத்தான் 72 மணி நேரத்துக்குள் மருந்து: அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் தினம் ஐந்து வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாள். சிறுநீரகத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் கடையில் நீங்களே வாங்காதீர்கள். மூன்று நாள் தாண்டியிருந்தாலும், புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் மருந்து கொடுப்போம். வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தியத்துக்கு வழியில்லை என்று நாள் கடத்தி, வலியோடு மட்டும் வந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கே: நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம். கண் சிவந்திருக்கிறது.

இன்றே கண் மருத்துவர். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புதான் கண்ணுக்கும் போகிறது. பார்வையே போகலாம்.

கே: அம்மாவுக்கு 71. அக்கி ஆறி ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ரவிக்கை பட்டாலே துடிக்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மனப்பிரமை என்கிறார்கள் வீட்டில்.

பிரமை இல்லை, தம்பி. வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். அடிபட்ட நரம்பு ஸ்கேனில் தெரியாது. ஆனால் துணி உரசுவதைக்கூட நெருப்பு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் தாண்டிய இந்த வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் கேட்காது. காபாபென்டின், பிரிகாபாலின், அல்லது இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் கேட்கும். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மாத்திரை ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம், நரம்பு வலிக்கும் அதுவே. இதயக் கோளாறோ கண் நீர் அழுத்தமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். பலன் தெரியச் சில வாரம் ஆகும். நான்கு நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். தலைசுற்றும் என்பதால் ராத்திரி பாத்ரூம் போகும்போது கூட இருங்கள். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். லிடோகெய்ன் ஒட்டுத்துணியை வலிக்கிற இடத்தில் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிடலாம். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் களிம்பும் உண்டு. முதலில் எரியும், தடவிய கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. வழுவழுப்பான, தொளதொளத்த உடை கொடுங்கள். பலருக்கு மாதங்கள் போகப்போகக் குறைகிறது.

கே: அக்கி வந்த பாட்டி பேரனைத் தூக்கலாமா? தடுப்பூசி உண்டா?

அக்கி அக்கியாக ஒட்டாது. அம்மை வராத, ஊசி போடாத பிள்ளைக்கு அந்தக் கொப்புள நீர் பட்டால் அம்மை வரும். மூடி வையுங்கள், காயும் வரை தூக்க வேண்டாம்.

அம்மைத் தடுப்பூசி 15 மாதத்திலிருந்து, இரண்டு தவணை. ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷி என்ற கிருமி ஆய்வாளர் தன் மகன் அம்மையில் பட்ட பாட்டைப் பார்த்து, 1970களில் உருவாக்கியது. நம் அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது: 50 வயதுக்கு மேல், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம்தான். வசதி இருந்தால் பாட்டிக்கும் போடலாம், இப்போதைய அக்கி நன்றாக ஆறிய பிறகு.