மழைத் தூண்டில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி பக்கம். பதினைந்து வருடமாகச் சென்னையில் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பத்து வயது மகனை ஆற்றுக்குக் கூட்டிப் போய்த் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மழை நேரத்தில் மீன் நன்றாகக் கடிக்கும் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். உண்மைதானா? கார்பன் இழையில் செய்த தூண்டில் கழி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இரை என்ன போடலாம்? மழையில் ஆற்றுக்குப் போவது பைத்தியக்காரத்தனம் என்கிறாள் என் மனைவி. மீன் பிடிப்பது ஒரு தியானம் என்று அவளுக்குப் புரியவில்லை. கைப்பேசியில் வானிலை பார்த்து, எங்கள் ஊரில் பெருமழை இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் போவேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே துருவேறிய தூண்டில் முள் நான்கு, ஓர் ஈயக்குண்டு, மயிலிறகுக் காம்பை நறுக்கிச் செய்த தக்கை ஒன்று. அந்தத் தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம். இல்லாவிட்டால் பதில் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

தியானம் என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். தியானம் செய்கிறவர் யாருடைய வாயிலும் முள்ளை மாட்டிக் கரைக்கு இழுப்பதில்லை. மீன் பிடிப்பது மீன் தின்பதற்கு. கொஞ்சம், பக்கத்தில் நிற்கிறவனைவிட ஒன்று கூடுதலாகப் பிடிப்பதற்கு. அது ஆசை, மழை நாளில் பேராசை. அதற்கு நல்ல பெயர் வைத்துக்கொண்டு போகிறவனை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மனைவி சொல்வதில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்குக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மழையில் மீன் கடிக்கும், சந்தேகமே வேண்டாம். வெயிலில் தெளிந்து கிடக்கும் தண்ணீரில் உங்கள் நிழல் விழுந்தாலே கெண்டை ஓடிவிடும். தூறல் விழுந்தால் நீர்ப்பரப்பு கலைந்துவிடுகிறது. கரையில் நிற்கும் ஆளை அதற்குத் தெரியாது. சூடேறிய தண்ணீர் குளிர்கிறது, காற்று கலக்கிறது. கரையிலிருந்து புழுவும் பூச்சியும் கழுவிக்கொண்டு வந்து விழுகின்றன. லேசாகக் கலங்கல் ஏறினால் கெளுத்தியும் விலாங்கும் பட்டப்பகலில் வெளியே வரும். மோப்பம் பிடித்தே இரை தேடுகிறவை அவை. முதல் மழைக்குப் பனையேறிக் கெண்டை குட்டையை விட்டு ஈரப் புல்லில் ஊர்ந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பே உண்டு. ஆனால் எல்லாம் தூறல் வரைக்கும்தான். தண்ணீர் செம்மண் குழம்பாகிவிட்டால் எந்த மீனும் முள்ளைப் பார்க்காது. வீட்டுக்குப் போய் ரசம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரை மண்புழு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் உங்கள் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். மழையில் தக்கையைப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் அது ஆடும். கற்றுக்குட்டி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழியைத் தூக்குவான், முள்ளில் புழு செத்துத் தொங்கும். என் தாய்மாமா தக்கையைப் பார்க்கவே மாட்டார். தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் ரேகையில் படும்படி வைத்துக்கொள்வார். மழைச்சொட்டு நரம்பில் விழுந்தால் மேலிருந்து தட்டுவது போலிருக்கும். ஆற்றின் இழுப்பு ஒரே சீராக இருக்கும். கெண்டை தொட்டால் அரிசிமணி ஒன்று நரம்பின் வழியே உருண்டு ஏறி வருவது போல விரலில் தெரியும். ஒரு மணி, இன்னொரு மணி, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் தூக்க வேண்டும். எனக்கு இது பிடிபட இரண்டு ஐப்பசி ஆயிற்று. இப்போது விரலில் சுரணை குறைந்துவிட்டது. ஆனால் மழை பெய்தால் அந்த ரேகை மட்டும் எதற்கோ காத்திருக்கிறது.

சரி, உங்கள் கைப்பேசிக்கு வருகிறேன். “எங்கள் ஊரில் பெருமழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. சீவலப்பேரிக்காரர் எழுதுகிற வரியா இது?

தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது. சிற்றாறு குற்றால மலையில் பிறக்கிறது. இரண்டும் கூடுகிற இடம் உங்கள் ஊர். அதற்கு முன்பே மணிமுத்தாறும் கடனாநதியும் பச்சையாறும் தாமிரபரணியில் விழுந்துவிடுகின்றன. இத்தனை மலைச்சரிவில் பெய்ததும் ஒன்றாய்ச் சேர்ந்து உங்கள் காலடியில் வந்து நிற்கும். நீங்கள் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் மழை உண்டா என்று பார்க்கிறீர்கள்! உங்களை நனைக்கிற மழை வேறு, உங்களை அடித்துக்கொண்டு போகிற மழை வேறு. இரண்டாவது மழை மாஞ்சோலை மலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து என்கிற இடங்களில் நேற்று ராத்திரியே பெய்து முடிந்திருக்கும். ஊரில் மேகமே இருக்காது. கரையில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

செய்தித்தாளில் அணைகளின் நீர்மட்டம் போடுகிறார்கள், அதைப் பாருங்கள். பாபநாசத்துக்கு முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. அணையில் இடம் இருந்தால் மலையில் பெய்வதைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். நிரம்பி நின்றால் வருவதை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழி இல்லை. சிற்றாற்றுப் பக்கத்துக்கு இந்தக் கணக்கும் உதவாது. குற்றாலத்தில் அருவிக்கு யாரும் மதகு வைக்கவில்லை.

உங்கள் ஊர் மண்ணில் பிறந்த முக்கூடற்பள்ளில், நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்குக் குறி சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. மலையாளத் திசையில் மின்னுகிறது, ஈழத்துத் திசையிலும் மின்னுகிறது, காற்று சுழன்று அடிக்கிறது, கேணித் தவளை கூப்பிடுகிறது, சேற்று நண்டு வளை வாயை அடைக்கிறது என்று போகும் அது. அடிவானத்தைப் பார்க்கிறார்கள், நண்டைப் பார்க்கிறார்கள். தன் தலையில் சொட்டு விழுகிறதா என்று அதில் ஒருவரும் பார்க்கவில்லை. நண்டுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே தம்பி.

2023 டிசம்பரில் தலைக்கு மேலேதானே கொட்டியது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே என்று கேட்பீர்கள். அப்படிப்பட்ட நாளில் தூண்டிலை எடுக்கிறவனுக்கு நான் கடிதம் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் சொல்வது வெயிலும் தூறலும் சேர்ந்து காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் நடக்கிற நாளை. அப்படி ஒரு நாளில்தான் நான் செத்திருக்க வேண்டியது.

ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி விடுமுறை, மாமா ஊர். முழங்கால் அளவு ஓடையைக் கடந்து ஆற்று நடுவே ஒரு மணல்திட்டுக்குப் போனோம். போனதும் மாமா ஒரு நாணல் குச்சியை ஒடித்து, தண்ணீரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மணலில் நட்டார். “தண்ணீர் இதைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு என்னைக் கூப்பிடு. ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது” என்றார். திட்டின் அந்தக் கோடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அன்று எனக்கு மீன் கடித்தது போல அதற்குப் பிறகு கடித்ததே இல்லை. ஓலைப்பெட்டியில் ஆறு கெண்டை விழுந்துவிட்டது. தூறல் நின்று வெயில் அடித்தது. ஏழாவது மீன் நரம்பைத் தட்டிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் குச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. குச்சியைப் பிடுங்கி ஒரு சாண் மேலே தள்ளி நட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சாண். பிறகும் ஒரு தரம். பயம் துளியும் இல்லை. வெயில் அடிக்கிறதே, வெள்ளம் எப்படி வரும்? உங்கள் கைப்பேசியின் கணக்குத்தான் என் கணக்கும்.

தண்ணீரில் நுரையும் சருகும் வந்தன. பிறகு தென்னம்பாளை ஒன்று வந்தது. அதைப் பார்த்து மாமா எழுந்து திரும்பினார். திட்டு பாதியாகிவிட்டிருந்தது. குச்சியைப் பார்த்தார், காய்ந்த மணலில் நேராக நின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஓடை அவருக்கு நெஞ்சு வரை வந்தது. நடுவில் ஒரு முறை அவர் கால் மணலில் சறுக்கியது. என் வாய்க்குள் தண்ணீர் போயிற்று, மண் வாசனை. பெட்டி, கழி, மீன் எல்லாம் போயிற்று. இந்தத் தக்கை மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது. கடைசியாக முள் மாற்றும்போது கழற்றி வைத்தது.

கரையேறியதும் கேட்டார்: “ஏலே, குச்சியைத் தொட்டாயா?” இல்லை என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வீட்டில் அத்தையிடம், “குச்சியைத் தள்ளி நட்டுவிட்டேன், என் தப்புத்தான்” என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் திண்ணையில் தலை துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார்பன் கழியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அது மின்சாரத்தைக் கடத்தும். ஐப்பசி மாலை என்றால் இடி மழைதான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் கழியைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் வெளியே வராதீர்கள். பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஊரில் மொட்டைப் பனையைக் காட்டி அது ஏன் மொட்டையாயிற்று என்று பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். வயல் வழியே போகும்போது தாழத் தொங்கும் மின்கம்பிக்கும் இதே எச்சரிக்கை. குளம் நிரம்பி மறுகால் பாய்கிற இடத்தில் மீன் துள்ளுகிறது என்று பையனை இறக்கிவிடாதீர்கள்; குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் திட்டுவது இருக்கட்டும், அந்தப் பாசிக் கல்லில் பெரியவர்களுக்கே கால் நிற்காது. தேளி மீன் மாட்டினால் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

குச்சி விஷயம் முடியவில்லை. அடுத்த வருடமும் மாமா என்னைக் கூட்டிப் போனார். அதற்கடுத்த வருடமும். எப்போதும் என் கண்ணெதிரே ஒரு குச்சி நட்டார், அதே வார்த்தைகளைச் சொன்னார், வெற்றிலை துப்பப் போகிறவர் போல அந்தக் கோடிக்குப் போனார். நான் குச்சியைத் தொடவே இல்லை. அவர் என்னை நம்புகிறார் என்று நினைத்திருந்தேன். இருபது வருடம் கழித்து என் மகனை ஆற்றுக்குக் கூட்டிப் போய்த் திரும்பிய அன்று கேட்டார், “எத்தனை குச்சி நட்டாய்?” என்று. ஒன்று என்றேன்.

“உனக்கு நான் எப்போதும் இரண்டு நடுவேன். ஒன்று உனக்குத் தெரிய. இன்னொன்று நாணலுக்குப் பின்னால்.”

தீபாவளிக்கு வாருங்கள், தம்பி. உங்கள் மகன் இந்தப் பதிலைப் படிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.