முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்

கேள்வி: எங்கள் மகன் பிரான்ஸின் லியோன் நகரில் வேலை பார்க்கிறான். வரும் அக்டோபரில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். எங்கள் திருமண நாளன்று, கணவனும் மனைவியுமாக நடத்தும் ஒரு சிறிய உணவகத்துக்கு எங்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்று மகன் ஆசைப்படுகிறான். நான் கோழி, மீன், முட்டை சாப்பிடுவேன். மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் தொடமாட்டேன். அந்தக் கடையில் ஐந்தாறு உணவுகள்தான் இருக்குமாம், கேட்டபடி மாற்றித் தரமாட்டார்களாம். எதையும் சாப்பிட முடியாமல் உட்கார்ந்து, அவர்கள் மனத்தையும் புண்படுத்தி, மகனையும் சங்கடத்தில் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் ஒரு பெரிய ஹோட்டலுக்கோ இந்திய உணவகத்துக்கோ போய்விடலாமா? இன்னொன்று: மகன் வீட்டில் நான் செய்யும் மைசூர்பாகை அங்கே கொண்டுபோய் விருந்தின் முடிவில் சாப்பிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகனின் அழைப்பை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. லியோன் நகரத்துச் சமையலில் மாடும் பன்றியும் அவற்றின் உள்ளுறுப்புகளும் மிகுதி. ஆனால் நீங்கள் அஞ்சும் சங்கடம், மேசையில் அமர்ந்த பிறகு முதன்முறையாக வாய் திறப்பவர்களுக்கு நேர்வது. இடம் கேட்டுத் தொலைபேசும்போதே உங்கள் மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், அதில் பெரும்பகுதி எழவே எழாது.

ஏன் என்பதை அந்த அடுப்பங்கரையின் பக்கமிருந்து பாருங்கள். இத்தகைய கடைகளில் பெரும்பாலும் ஒருவர் சமைப்பார். தொலைபேசியை எடுப்பது, வாசலில் வரவேற்பது, கரும்பலகையில் அன்றைய உணவுகளை எழுதுவது, பரிமாறுவது, கணக்கு முடிப்பது எல்லாம் மற்றவர் பொறுப்பு. சமைப்பவர் காலையிலேயே பொருள்களை வாங்கி, எலும்புச் சாறுகளைக் காய்ச்சி, இறைச்சிக் குழம்புகளை மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவிட்டு முடித்திருப்பார். இரவு எட்டரை மணிக்கு நீங்கள் மாட்டிறைச்சி கலக்காத ஒன்றைக் கேட்கும்போது, காலையில் காய்ச்சிய சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அவரால் இயலாது. மாற்றுப் பொருளும் கைவசம் இருக்காது, ஏனென்றால் வருவோர் எண்ணிக்கையைக் கணக்கிட்டே அவர் வாங்குகிறார். பந்தியில் இலை போட்ட பிறகு சமையற்காரரிடம் வெங்காயம் சேர்க்காத சாம்பார் கேட்பது போன்றது அது. அதே வேண்டுகோள் மூன்று நாள்களுக்கு முன்பே அவரை எட்டினால், உங்களுக்கென்று ஒரு மீனைக் கூடுதலாக வாங்கி வைப்பது அவருக்குச் சிறிய வேலை.

ஆகவே மகன் தொலைபேசட்டும். நண்பகல் 12 முதல் 2 மணி வரையும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்க வேண்டாம். அந்த நேரத்தில் இருவருக்கும் கை ஓயாது. காலை பத்து, பதினொரு மணி நல்ல நேரம். “அம்மா இறைச்சி அதிகம் சாப்பிடமாட்டார்” என்று பட்டும்படாமல் சொல்வதைவிட, இன்னின்னது ஆகாது என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுவதே அவர்களுக்கு உதவி: மாடு, கன்று, பன்றி, ஹாம், தொத்திறைச்சி, சாலட்டில் தூவும் பன்றித் துண்டுகளான லார்தோன், பன்றிக் கொழுப்பு. கூடவே, கோழி, மீன், முட்டை, பால், காய்கறி எல்லாம் ஆகும் என்பதையும் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள்; எதைச் சமைக்கலாம் என்று தெரிந்தால்தான் சமைப்பவர் மனம் வேலை செய்யத் தொடங்கும்.

ஒரு கேள்விக்கு மட்டும் நீங்களே முன்கூட்டி விடை கண்டிருக்க வேண்டும். பிரெஞ்சுச் சமையலில் பல குழம்புகளுக்கு அடிப்படை, கன்றின் எலும்பில் காய்ச்சிய சாறு. மீனோ கோழியோ தட்டில் இருந்தாலும் அதன்மேல் ஊற்றும் குழம்பில் அது இருக்கக்கூடும். அதுவும் ஆகாது என்பது உங்கள் நெறியானால், தயங்காமல் சொல்லுங்கள். கண்ணால் காணும் இறைச்சி மட்டுமே ஆகாது என்றால் அதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு வழி இன்னும் எளிதாகும். சட்டம் இதில் உங்களைக் காக்காது: ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களை உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, பாலும் முட்டையும் மீனும் அதில் உண்டு, மாடும் பன்றியும் இல்லை. கேட்டால்தான் தெரியும். கேட்ட பிறகு அவர்கள் “எங்களால் இயலாது” என்று நேராகச் சொன்னால், வருந்தாமல் நன்றி கூறி வேறு கடையைத் தேடட்டும்; செய்ய முடியாததைச் செய்வதாக ஏற்றுக்கொள்ளும் கடையைவிட அது எவ்வளவோ மேல்.

உங்கள் மகன் தேர்ந்தெடுத்திருப்பது, அந்நகரத்தார் ‘பூஷோன்’ என்று அழைக்கும் பழைய வகைக் கடையா, அல்லது இக்காலச் சிறு உணவகமா என்று நீங்கள் எழுதவில்லை. பூஷோன் என்றால் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. அங்கே பெருமையாகப் பரிமாறப்படும் ஆந்துயெத் என்பது பன்றியின் அல்லது கன்றின் குடலில் செய்வது. தப்லியே த சப்பர் என்பது ரொட்டித் தூளில் புரட்டி வறுத்த மாட்டின் இரைப்பை. இவை உங்களுக்கு இல்லை. அதனால் நீங்கள் பட்டினியாக எழுந்திருக்க வேண்டியதில்லை. லியோனின் மிகச் சிறந்த உணவுகளில் சில உங்களுக்கென்றே அமைந்தவை. கெனெல் என்பது பைக் எனும் நன்னீர் மீனின் சதையை மாவு, முட்டை, வெண்ணெயோடு சேர்த்துப் பிசைந்து, நீள்வட்டமாகப் பிடித்து வேகவைத்து, குழம்போடு அடுப்பில் வாட்டுவது. உப்பிப் பொன்னிறமாக மேசைக்கு வரும். அதோடு பெரும்பாலும் சேர்வது நந்துவா எனும், நன்னீர்ச் சிங்கிறால் சுவையேறிய குழம்பு என்பதால், இறால் வகை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வினிகரில் சமைத்த கோழியும் அங்கே வழக்கமானது. புதிய பாலாடைக்கட்டியில் சின்ன வெங்காயமும் பச்சிலைகளும் வினிகரும் கலந்து, ரொட்டியோடு தருவார்கள். தயிர்ப் பச்சடியில் வளர்ந்த நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும். இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சிட்ட பாதாமில் செய்யும் பிராலின் டார்ட்டை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாறு உணவுகள்தான் இருக்கும் என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அந்தக் கடையின் நாணயமாகப் பார்க்கிறேன். இரண்டு பேர் கையால் ஒரு வேளைக்கு நன்றாகச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அறுபது உணவுகளை அடுக்கும் அட்டை, உறைபெட்டியின் துணையில்லாமல் நடக்காது. லியோனின் சமையற்புகழே இப்படிப்பட்ட சிறு கடைகளில் வளர்ந்தது. செல்வர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள் வெளியேறித் தாமாகவே உணவகம் வைத்தார்கள்; ஊரார் அவர்களை ‘அம்மா’ என்றே அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான யூஜெனி பிராசியே 1921-ல் ருவாயால் தெருவில் ஒரு சிறிய கடையைத் திறந்தார். 1933-ல் அவருடைய இரண்டு உணவகங்களும், உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லன் வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரங்களை ஒரே சமயத்தில் பெற்றன. அவர் சமைத்துக்கொண்டிருந்ததோ, ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாத ஒரு சிறிய பட்டியல்: கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) எனும் காயின் குருத்து, கெனெல், தோலுக்கடியில் கரிய டிரஃபிள் காளான் வில்லைகள் செருகி வேகவைத்த கோழி. பெரிய ஹோட்டலில் உங்களுக்கு எந்தச் சங்கடமும் வராது என்பது உண்மை. ஆனால் அங்கே கிடைப்பது சென்னையிலும் கிடைக்கும். இந்திய உணவகத்துக்கு மற்றொரு நாள் போய்க்கொள்ளலாம்.

அன்று மாலை நடந்துகொள்வதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ‘போன்ஸுவார் மதாம்’ என்று முகம் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். பிரெஞ்சில் வேறொரு சொல்லும் தெரியாவிட்டாலும் இதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், வணக்கம் சொல்லாமல் நுழைவதை அங்கே அவமதிப்பாகவே கொள்வார்கள். காலியாக இருக்கும் மேசையில் நாமாகப் போய் உட்காராமல், அவர்கள் காட்டும் இடத்துக்காகக் காத்திருங்கள். ஆளுக்கொரு முதல் உணவு, முக்கிய உணவு என்று கேட்பதே அங்குள்ள முறை. நம் வழக்கப்படி ஒன்றை வாங்கி மூன்று பேர் பகிர்ந்துகொண்டால், அந்த மேசை முழு இரவும் உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதால் இழப்பு அவர்களுக்கு. உங்கள் தட்டிலிருந்து கணவருக்கு ஒரு வாய் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் விலையின்றி வரும், ‘கராஃப் தோ’ என்று கேட்டால் போதும். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரம் ஆகும். அதைப் பேச்சுக்கான நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், கையசைத்துக் கூப்பிட வேண்டாம். மீந்ததை வீட்டுக்குக் கட்டித் தரக் கேட்கலாம்; 2021 ஜூலை முதல் கேட்பவருக்குப் பெட்டி தர வேண்டும் என்பது பிரான்ஸில் சட்டம்.

பட்டியலில் போட்டிருக்கும் விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். மனம் நிறைந்திருந்தால் சில யூரோக்களை மேசையில் வைக்கலாம். வைக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நீங்களாகக் கேட்கும்வரை பில் வராது. எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று அவர்கள் அதைக் கொண்டுவருவதில்லை.

பெரும்பாலான சிறு கடைகள் ஞாயிறு, திங்கள் ஆகிய இரு நாள்களும் மூடியிருக்கும். உங்கள் திருமண நாள் அந்நாள்களில் விழுந்தால் விருந்தைச் செவ்வாய்க்குத் தள்ளிவையுங்கள். முன்பதிவு செய்த பிறகு உடல்நலமோ வேறு காரணமோ தடுத்தால், கடைசி மணி நேரமே ஆனாலும் மகன் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். 24 இருக்கைகள் உள்ள கடையில் மூன்று பேர் சொல்லாமல் வராமல் போனால், அன்றிரவு வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும்.

மைசூர்பாகை மேசையில் எடுத்து வைக்க வேண்டாம். இனிப்பும் அந்தச் சமையற்காரரின் உழைப்பு; அதன் இடத்தில் வெளியிலிருந்து வந்ததை உண்பது அவரை வருத்தும். மாறாக, ஒரு சிறு பெட்டியில் போட்டு எடுத்துச் சென்று, கணக்கு முடித்துக் கிளம்பும்போது அவர்கள் இருவருக்குமாகக் கொடுங்கள். அதில் நெய்யும் கடலைமாவும் சேர்ந்திருக்கின்றன என்பதை மகன் எடுத்துச் சொல்லட்டும். இரண்டு மூன்று நாள்கள் வெளியில் வைத்தாலும் கெடாது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும், ஏனென்றால் அவர்கள் அன்றிரவே அதை உண்ண நேரம் கிடைப்பது அரிது.