பதினோரு பேர் வந்த கூட்டம்

கேள்வி: கும்பகோணத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2025 அக்டோபர் கடைசியில் சூடானின் எல் ஃபாஷர் நகரத்தில் நடந்த கொலைகளைச் செல்போனில் பார்த்ததில் இருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. தோழிகள் மூன்று பேரும் நானும் சேர்ந்து ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். நூறு பேருக்கு மேல் நோட்டீஸ் கொடுத்தும் பதினோரு பேர்தான் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். "நம்ம ஜனங்க முள்ளிவாய்க்கால்ல செத்தப்போ ஊரே கத்துச்சு. என்ன நடந்துச்சு? நீ சூடானுக்காகக் கத்தப் போறியா?" என்கிறார் அப்பா. அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நம்மால் ஏதாவது ஆகுமா? அடுத்த கூட்டத்தில் அந்த வீடியோக்களைத் திரையில் போட்டுக் காட்டினால் ஆட்கள் வருவார்களா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும் என்னிடம் சந்தேகமே இல்லாத பதில் இருக்கிறது. காட்டாதீர்கள்.

எல் ஃபாஷர் வீடியோக்களில் பலவற்றை எடுத்தவர்கள் கொலை செய்தவர்களேதான். சூடான் ராணுவத்தோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையினர் தங்கள் செல்போனில் தாங்களே படம்பிடித்து, பெருமையாக ஊருக்கு அனுப்பியவை அவை. நீதிமன்றத்துக்குச் சாட்சியம் திரட்டுகிறவர்களுக்கு அவை தேவை, அவர்கள் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறார்கள். நம் கூட்டத்தில் அவற்றை ஓட்டினால், கொன்றவன் யாருக்குக் காட்ட ஆசைப்பட்டானோ அந்தப் பார்வையாளர்களாக நாம் ஆகிவிடுவோம். அந்தப் படங்களில் கிடப்பவர்களுக்கு அம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறான். தன் வீட்டு ஆள் இறந்ததை இப்படி ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் எத்தனையோ. ஏதாவது காட்டியே ஆகவேண்டும் என்றால் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வெளியிட்டுவரும் செயற்கைக்கோள் படங்களைக் காட்டுங்கள். நகரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மண் கரை, எரிந்த முகாம், தெருவில் தெரியும் கறை. யாரையும் அவமானப்படுத்தாமல் நடந்ததைச் சொல்லும் படங்கள் அவை.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். தூரத்தில் இருந்து கத்தினால் ஏதாவது ஆகுமா? இதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. எல் ஃபாஷர் இருக்கும் அதே டார்ஃபூருக்காக இருபது வருடத்துக்கு முன்னால் உங்கள் வயதுப் பிள்ளைகள் கத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையை நல்லது, கெட்டது இரண்டோடும் தெரிந்துகொள்ளுங்கள்.

டார்ஃபூர் என்றால் ஃபூர் மக்களின் வீடு என்று அர்த்தம். சூடானின் மேற்குப் பகுதி. 2003இல் அங்கே கிளர்ச்சி வெடித்தபோது, அப்போதைய அதிபர் உமர் அல் பஷீரின் அரசு ஜஞ்சவீத் என்ற குதிரைப்படைக் கூலிகளுக்கு ஆயுதம் கொடுத்து ஏவிவிட்டது. ஃபூர், மசாலித், ஸகாவா மக்களின் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிக்கப்பட்டன. 3 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. மதிப்பீடு. 25 லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள்.

ருவாண்டாவில் 1994இல் நூறு நாளில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதை உலகம் வேடிக்கை பார்த்த குற்றவுணர்ச்சி அப்போது பலருக்கு இருந்தது. தொகுதி மக்களிடம் இருந்து ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நூறு கடிதம் வந்திருந்தால் ருவாண்டா விஷயத்தில் அமெரிக்கா வேறு மாதிரி நடந்திருக்கும் என்று பால் சைமன் என்ற அமெரிக்க செனட்டர் பின்னால் வருந்திச் சொன்னார். நூறே நூறு கடிதம். அந்தப் பேச்சு மாணவர்களைப் பிடித்துக்கொண்டது. 2004 ஜூலையில் நியூயார்க்கில் 'சேவ் டார்ஃபூர்' கூட்டமைப்பு உருவானது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஸ்டாண்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2006 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டனில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பேரணி இல்லை. பணத்தைத் தேடிப்போனதுதான். சூடான் அரசுக்குத் துப்பாக்கி வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது? எண்ணெயில் இருந்து. அந்த எண்ணெயை எடுப்பது யார்? சீனாவின் தேசிய எண்ணெய் நிறுவனம். அதன் கிளையான பெட்ரோசைனாவில் பங்கு வைத்திருப்பது யார்? நம் பல்கலைக்கழகமே! இப்படிக் கண்டுபிடித்து விடாமல் கேட்டதில் 2005 ஏப்ரலில் ஹார்வர்ட் அந்தப் பங்குகளை விற்க முடிவெடுத்தது. அடுத்து ஸ்டான்ஃபோர்டு, 2006இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பல மாநில அரசுகளும் இதே வழியில் போயின. அந்த மாணவர்கள் விரல் நீட்டிய நிறுவனங்களில் நம் ஓ.என்.ஜி.சி.யும் உண்டு. 2003இல் அதன் வெளிநாட்டுக் கிளை சூடானின் பெரிய எண்ணெய்த் திட்டத்தில் 25 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. சூடான் நமக்குச் சம்பந்தமில்லாத நாடு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பலன்? 2005 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் டார்ஃபூரை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. பாதுகாப்பு கவுன்சில் அப்படி ஒரு விவகாரத்தை அனுப்பியது அதுதான் முதல் தடவை. 2007இல் அமைதிப்படைக்கு ஒப்புதல் கிடைத்தது. 2009இல் பதவியில் இருக்கும்போதே பஷீர் மீது கைது ஆணை பிறந்தது, 2010இல் இனப்படுகொலைக் குற்றச்சாட்டும் சேர்ந்தது. ஜஞ்சவீத் தலைவர்களில் ஒருவரான அலி குஷய்ப் குற்றவாளி என்று 2025 அக்டோபர் 6 அன்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு வந்த இருபதாம் நாள் எல் ஃபாஷர் விழுந்தது. பழைய ஜஞ்சவீத்தில் இருந்து உருவானதுதான் இந்த ஆர்.எஸ்.எஃப். இதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது.

அப்பா கேட்பது இதைத்தான். இவ்வளவு கத்தியும் என்ன நடந்தது?

நான் நினைப்பதைச் சொல்கிறேன். அவர்கள் கத்தியது வீண் இல்லை. ஆனால் கொலைகள் உச்சத்தில் இருந்தது 2003, 2004இல், இயக்கம் பெரிதானது அதற்குப் பிறகு. அப்புறம், 2010 வாக்கில் கூட்டம் கலைந்துவிட்டது. கொலை குறைந்தது, செய்தி குறைந்தது, மாணவர்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போனார்கள். 2013இல் அதே ஆட்களுக்கு ஆர்.எஸ்.எஃப். என்று பெயர் வைத்து, சம்பளமும் சீருடையும் கொடுத்தபோது கேட்க ஆளில்லை. 2020 டிசம்பரோடு அமைதிப்படையின் பணி முடித்துவைக்கப்பட்டபோதும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப்.புக்கும் போர் மூண்டது. சில மாதங்களுக்குள் எல் ஜெனீனா என்ற ஒரே ஊரில் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது, பெரும்பாலும் மசாலித் மக்கள். இருபது வருடத்துக்கு முன் வாஷிங்டன் தெருவில் யார் பெயரைச் சொல்லி அழுதார்களோ அதே மக்கள்.

இன்னொரு குறையும் உண்டு. விளம்பரங்களில் டார்ஃபூர் மக்களின் முகம் இருந்தது, குரல் அதிகம் இல்லை. விமானம் பறக்கத் தடை விதியுங்கள் என்று அமெரிக்காவில் விளம்பரம் வந்தபோது, அங்கே களத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்த உதவி நிறுவனங்கள் பதறின. அவர்களின் விமானங்களும்தான் நின்றுபோகும். 4 லட்சம் பேர் இறந்ததாக உறுதியாகச் சொன்ன ஒரு விளம்பரத்தை 2007இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு கண்டித்தது. அது ஒரு தரப்பின் மதிப்பீடு, உறுதியான உண்மைபோலச் சொல்லக்கூடாது என்றது. உங்கள் நோட்டீஸில் எண்களைப் போடும்போது யார் சொன்ன எண் என்றும் போடுங்கள். ஒரு எண் தப்பானால் மொத்தமும் பொய் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான் ராணுவம் சந்தைகள் மேல் குண்டு போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பஷீரை இறக்கியது யார் தெரியுமா? வெளிநாட்டு மாணவர்களும் இல்லை, ஐ.நா.வும் இல்லை. ரொட்டி விலை ஏறியதற்கு 2018 டிசம்பரில் அத்பரா போன்ற ஊர்களில் தொடங்கிய போராட்டம், 2019 ஏப்ரலில் அவரைக் கீழே இறக்கியது. தெருவுக்குத் தெரு எதிர்ப்புக் குழு வைத்திருந்தார்கள். போர் வந்ததும் அந்த இளைஞர்களில் பலர் அவசர உதவிக் குழுக்களாக மாறினார்கள். பெரிய நிறுவனங்கள் நுழைய முடியாத இடத்தில் குழாய் சரிசெய்வதும், பெண்களை ஊரைவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், 'தகாயா' என்று அவர்கள் சொல்லும் பொதுச் சமையற்கூடம் நடத்துவதும் அவர்கள்தான். ஒரு பெரிய அண்டா, விறகு, சோளம், பருப்பு, வரிசையில் பாத்திரத்தோடு பிள்ளைகள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றதும் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடிப்போயின. எல் ஃபாஷர் ஒன்றரை வருட முற்றுகையில் கிடந்தபோது மக்கள் 'அம்பாஸ்' தின்று உயிர் வாழ்ந்தார்கள். அம்பாஸ் என்பது கடலைப் புண்ணாக்கு. நம் ஊரில் மாட்டுக்கு வைப்பதுதான், அங்கேயும் மாட்டுக்கு வைப்பதுதான். கூட்டத்தில் இதை மட்டும் சொல்லுங்கள். வீடியோ தேவைப்படாது.

கும்பகோணத்தில் இருந்து என்ன செய்யலாம் என்றால், முதலில் சூடான்காரர் ஒருவரைத் தேடுங்கள். புனே, ஹைதராபாத், பெங்களூருவில் சூடான் மாணவர்கள் வருடக்கணக்காகப் படிக்கிறார்கள். ஒருவரை வீடியோ அழைப்பில் பேசச் சொல்லலாம். முன்கூட்டியே கேளுங்கள்: எதைப் பேச விருப்பம், எதைப் பேச விருப்பமில்லை, பெயர் சொல்லலாமா, பதிவு செய்யலாமா. அவர் குடும்பம் இன்னும் அங்கே இருக்கலாம். அழவைக்கும் கதை சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் அதையும் கேளுங்கள்.

அடுத்து தங்கம். அன்று எண்ணெய் இருந்த இடத்தில் இன்று தங்கம் இருக்கிறது. சூடான் தங்கத்தின் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறது. ஆர்.எஸ்.எஃப்.புக்கு அமீரகம் வழியாக ஆயுதம் போகிறது என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரி அறிக்கையில் சொன்னது. அமீரகம் அதை மறுக்கிறது. இந்தியா 2022 ஒப்பந்தத்தின்படி அமீரகத்திடம் இருந்து சலுகை வரியில் தங்கம் வாங்குகிறது. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் விற்கும் மோதிரத்தில் டார்ஃபூர் தங்கம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லாதீர்கள். இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. வரும் தங்கம் எந்த நாட்டில் தோண்டியது என்று அரசு சோதிக்கிறதா? சூடான் விஷயத்தை அமீரகத்திடம் இந்தியா பேசியிருக்கிறதா? இந்த இரண்டு கேள்வியை மக்களவையில் எழுப்பச் சொல்லி மயிலாடுதுறைத் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சகம் பதில் தந்தாக வேண்டும், அது பதிவில் நிற்கும். கடிதம் கையால் எழுதியதாக இருக்கட்டும். ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பாமல் ஒவ்வொருவரும் தன் வார்த்தையில் எழுதட்டும். கடைசி வரை உட்கார்ந்திருந்த ஒன்பது பேரோடு நீங்கள் நால்வரும் சேர்ந்தால் பதின்மூன்று கடிதம். ஆளுக்கு எட்டுப் பேரை எழுதவைத்தால் நூறைத் தாண்டிவிடும்.

உண்டியல் ஏந்தி வசூல் செய்ய அவசரப்படாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் திரட்டிய பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது சட்டப்படி அவ்வளவு சுலபம் இல்லை. கணக்கில் ஒரு சின்னக் குழப்பம் வந்தாலும் உங்கள் பெயர்தான் கெடும்.

அப்புறம் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நால்வரும் உட்கார்ந்து அந்த மாதம் அங்கே நடந்ததைப் படிக்க வேண்டும். செய்தி குறைந்துபோகும் மாதங்களில்தான் இது அவசியம். படிப்பு முடிந்து நீங்கள் போகும்போது முதலாண்டுப் பெண் ஒருத்தியிடம் நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்படிக் கைமாற்றாமல் போனதுதான் அமெரிக்காவில் நடந்த இயக்கத்தில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை.

இனி அப்பா. அவரோடு வாதாடாதீர்கள். அவர் சூடானை வெறுத்துப் பேசவில்லை. 2008 அக்டோபரில் சென்னையில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலியாக நின்றவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த மே மாதம் வந்தபோது பல நாள் நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை. இனி எதற்கும் தெருவுக்குப் போகக்கூடாது என்று எனக்கும்தான் தோன்றியது. உங்கள் அப்பா குரலில் எனக்குக் கேட்பது அந்த வலி. 2009இல் அவர் எங்கே இருந்தார், எந்த ஊர்வலத்துக்குப் போனார், யாருக்காவது கடிதம் எழுதினாரா என்று ஒரு நாள் சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் சூடான் மாணவர் பேசி முடித்த பிறகு, அப்பா பேசச் சம்மதிப்பாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.