படம் போட்டால் சோறு போடுமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். இன்ஜினீயரிங் வேண்டாமாம். குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடுவேன், ஜோக் வரைவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் வரைந்ததில் மூன்றை அனுப்பியிருக்கிறேன். இது சோறு போடுமா? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.
- ஒரு தாய், நங்கநல்லூர், சென்னை-61

பதில்: புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லையம்மா. ஒரு காலத்தில் வாராவாரம் அரை டஜன் ஜோக் படம் வாங்கிய இந்தப் பத்திரிகை இப்போது இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தியவன் நான்தான்.

அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர், 1950-களின் தொடக்கத்தில் வடபழனி ஆபீஸில் சேர்ந்தவர். கிட்டத்தட்ட அறுபது வருஷம் அங்கேயே வரைந்தார், மாதச் சம்பளத்துக்கு. அந்த நாற்காலி இன்று எங்கேயும் காலியாக இல்லை, நாற்காலியே இல்லை. ஜோக் படங்களுக்குப் பேர்போன கோபுலுவே விகடனில் பல்லாண்டு வரைந்துவிட்டு விளம்பரத்துக்குப் போனவர்தான். உங்கள் பையனும் புத்தகம், பாடநூல், விளம்பரம் என்று நாலு வாசல் ஏறி இறங்கத்தான் வேண்டும். ஒப்பந்தத்தில் ராயல்டியா (விற்பனையில் பங்கு), ஒரே தொகையா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இனி அந்தப் படங்கள். யானைக் கதைக்குப் போட்ட இரண்டும் சுமார். முதல் பக்கத்து யானைக்கும் அடுத்த பக்கத்து யானைக்கும் காது ஒத்துப்போகவில்லை; குழந்தைகள் இதை உடனே கண்டுபிடித்துவிடும். பின்னணியில் டீக்கடைப் பலகையில் தமிழில் எழுதியிருக்கிறார். திருவான்மியூர், ஆழ்வார்பேட்டை என்று இங்கிருக்கும் பதிப்பாளர்கள் ஒரே படத்தைப் பல மொழிகளில் அச்சடிப்பவர்கள். படத்துக்குள் எழுத்து இருந்தால் அவர்களுக்குத் தலைவலி.

மூன்றாவது, ரங்கநாதன் தெரு. தீபாவளிக் கூட்டம். ஒரு பொடியன் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக ஐஸ்கிரீம் தின்கிறான். முந்தானை யாருடையது என்று கண்ணால் தொடர்ந்துபோனால், கடை வாசலில் நிற்கும் ஜவுளிப் பொம்மையுடையது! கீழே இரண்டு வரி விளக்கம் வேறு. அதைக் கட்டைவிரலால் மறைத்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். கோபுலுவின் பேசாத ஜோக்குகளைப் பையனுக்குத் தேடிக் காட்டுங்கள், அந்த இரண்டு வரி எதற்கு வேண்டாம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த இதழில் அந்தப் படம் வருகிறது, விளக்கம் இல்லாமல். சன்மானம் எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் கிளம்பும். இந்த முறை நானே போய் நின்று வாங்கி அனுப்புகிறேன்.