கொன்வோய்க்குப் போனவரோடு ஒரே ஷிப்டில்

தம்பி, உம்முடைய கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்க வேண்டும். நீர் கனடாவுக்கு வந்து ஏழு மாதம். மிசிசாகாவில் ஒரு வெயார்ஹவுஸில் இரவு ஷிப்ட். உம்மோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர், பனி கொட்டின இரவில் உம்மைத் தன்னுடைய பிக்கப்பில் ஏற்றி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவர். அந்தப் பிக்கப்பின் பின்கண்ணாடியில் 2022 கொன்வோய் ஸ்டிக்கர், அதாவது கோவிட் ஊசிச் சட்டத்துக்கு எதிராக ட்ரக்குகள் அணிவகுத்து ஒட்டாவா போன போராட்டத்தின் ஸ்டிக்கர். உம்மோடு அறையில் இருக்கிற பெடியங்கள், "அது முழுக்கத் துவேசக்காரரின்ர கூட்டம், அவனோட சேராத" என்று சொல்கிறார்கள். இப்போது அவர் சனிக்கிழமை ரொறன்ரோவில் ஒன்ராறியோச் சட்டசபை இருக்கிற குயீன்ஸ் பார்க்கில் நடக்கப்போகிற ஆர்ப்பாட்டத்துக்கு உம்மையும் வரச்சொல்கிறார். பெடியங்கள் சொல்வது நியாயமா, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்.

அவரோடு பழகும். சனிக்கிழமைக் கூட்டம் எதற்கு என்று தெரியாமல் மட்டும் போகாதேயும். அவசரமென்றால் இதோடு நிறுத்திவிட்டு நித்திரைக்குப் போகலாம்.

நான் 1994இல் வந்தவன். ட்ரக் ஓட்டத் தொடங்கி இருபது வருசத்துக்கு மேல். கொன்வோயை நான் ட்ரக்குக்குள் இருந்து பார்த்தேன். அதற்கு முதல், 2009இல், பெயர் ஒட்டப்பட்ட ஒரு கூட்டத்துக்குள் நானே நின்றிருக்கிறேன். அதனால் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

மே 10, 2009. ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். முதல் இரவு முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து நூற்றுக்கணக்கான சனம் செத்த செய்தி வந்திருந்தது. ஜனவரியிலிருந்து நாங்கள் மனிதச் சங்கிலி பிடித்தோம், யூனிவர்சிட்டி அவெனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் நின்றோம், ஒட்டாவாவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். ஒன்றும் அசையவில்லை. அன்று பின்னேரம் ஸ்படைனா ஏற்றத்தால் சனம் ரொறன்ரோவின் கார்டினர் எக்ஸ்பிரஸ்வே என்ற பெருந்தெருவில் ஏறியது. நானும் ஏறினேன். பிள்ளைகளை வைத்துத் தள்ளுகிற வண்டிகள்கூட அங்கே நின்றன. லிபரல் தலைவராக இருந்த மைக்கல் இக்னாடியெஃபின் தரப்பிலிருந்து, பாராளுமன்றத்தில் இதை எடுப்போம் என்று ஒரு வாக்கு வந்த பிறகு, நடுச்சாமம் அளவில்தான் இறங்கினோம்.

அடுத்த நாள் ரேடியோவில் ஷெல்லடி பற்றி ஒரு கதை இல்லை. பிள்ளைகளை ஏன் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அவர்கள் பிடித்தது என்ன கொடி, இந்த இரண்டும்தான். புலிகளைக் கனடா 2006இலேயே தடைப் பட்டியலில் போட்டிருந்தது. கூட்டத்தில் புலிக்கொடி இருந்தது. ஆகவே நாங்கள் எல்லாரும் பயங்கரவாதிகள். போனில் வந்தவர்கள் வந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொன்னார்கள். எனக்கு லோட் தருகிற டிஸ்பாட்சர், தினமும் பகிடி விடுகிற மனிசன், அன்று முகத்தைப் பார்க்காமல் பேப்பரை மேசையில் தள்ளிவிட்டார். எங்களுக்கு ஒட்டின பெயர் துவேசம் இல்லை, வேறொன்று. ஆனால் ஒட்டின விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. தங்கச்சியின் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் நின்றவன் நான். எனக்கும் சேர்த்து ஒரே லேபல்.

மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரோட்டில் எனக்கு நாலு முழம் தள்ளி நின்ற ஒருவர் சிங்களவரைப் பற்றிக் கத்தினார். அரசாங்கத்தை இல்லை, ஆமியை இல்லை, சனத்தை, அதுவும் பொம்பிளைகளை. இங்கே எழுத ஏலாத சொல். ஒருத்தரும் அவரை வாயை மூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கட சனம் சாகுது, இப்ப இதையே பார்க்கிறது என்று மனசு சொல்லிக்கொண்டது. அந்தப் பத்து விநாடியை யாராவது வீடியோ எடுத்து, இதுதான் தமிழரின் போராட்டம் என்று போட்டிருந்தால் நான் கொதித்திருப்பேன், அந்தக் கொதிப்பு நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் நீ ஏன் பேசாமல் நின்றாய் என்று ஒருவர் கேட்டிருந்தால் என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

இனிக் கொன்வோய். ஜனவரி 15, 2022இலிருந்து, கோவிட் தடுப்பூசி போடாத கனடிய ட்ரக்காரர் அமெரிக்கா போய்த் திரும்பினால் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு முதலே போட்டுவிட்டோம். போடாதவர்களுக்கு எல்லை ஓட்டம் போச்சு. அந்தக் கோபத்தில் கிளம்பினதுதான். அந்தக் கோரிக்கையில் நிறம் இல்லை, கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஒரே ஊசி.

அந்தக் கிழமை நான் 401 பெருந்தெருவில் கிங்ஸ்டன் பக்கம் ஒரு லோட் கொண்டுபோனேன். மேம்பாலங்களில் குடும்பம் குடும்பமாக நின்று கொடி ஆட்டினார்கள். நான் கொன்வோய் ஆள் என்று நினைத்துவிட்டார்கள்போல. ஒரு சின்னப் பெட்டை கையை மேலும் கீழும் இழுத்து ஹோர்ன் அடிக்கச்சொல்லிக் காட்டினாள். அடித்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிறகு டீசல் அடிக்க ஒரு ட்ரக் ஸ்டொப்பில் நிறுத்தினேன். கோப்பி லைனில் இரண்டு பேர், இரண்டு பேரும் ஒட்டாவா போகிறவர்கள். ஒருவர் என்னுடைய ஜக்கெட்டைப் பார்த்து, நீயும் வாறியா சகோதரம் என்று முதுகில் தட்டினார். மற்றவர், இவங்கள் வந்து அரை விலைக்கு ஓடித்தான் எங்களுக்கு வேலை இல்லாமல் போனது என்று, எனக்குக் கேட்கும்படி, என்னைப் பார்க்காமல் சொன்னார். முதுகில் தட்டினவர் குனிந்து தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சப்பாத்துப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

ஜனவரி 29ஆம் திகதி ஒட்டாவாவில் அடிமை முறைக்காகச் சண்டை பிடித்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடி ஒன்று தெரிந்தது, நாசிகளின் சுவஸ்திகா தெரிந்தது. கொடி பிடித்தவர் வேண்டுமென்றே அனுப்பப்பட்ட ஆள் என்று கொன்வோய் தரப்பு வழக்கறிஞர் பிறகு விசாரணையில் சொல்லிப் பார்த்தார், அது நிற்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஆக்களுக்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய கொடிகள். அதை மட்டும் வைத்து முழுக் கூட்டத்துக்கும் தீர்ப்பு எழுதினால், 2009இல் ரேடியோக்காரர் எங்களுக்கு எழுதினதும் சரி என்றாகிவிடும். நான் எழுதமாட்டேன்.

எனக்குக் கொடியைவிடப் பெரிதாகத் தெரிந்தது மைக். கூட்டத்துக்குள் யாராவது ஒரு விசரன் வருவதை ஒருத்தராலும் தடுக்க ஏலாது. ஆனால் யார் முன்னுக்கு நிற்பது, யாருடைய வீடியோவைப் பார்த்து ஆக்கள் அடுத்த நாள் எங்கே போவது என்று முடிவெடுப்பது, இது தற்செயல் இல்லை. கொன்வோயில் கனக்கப் பேர் பின்தொடர்ந்த முகங்களில் ஒன்று பாட் கிங். ஆங்கிலோ சாக்சன் இனத்தைத் திட்டமிட்டு இல்லாமலாக்குகிறார்கள் என்று அதற்கு முன்னாலேயே வீடியோவில் சொன்ன மனிசன். அது மறைவான விசயமும் இல்லை, தேடினால் வரும். இருந்தும் ஆள் ஒட்டாவாவில் நாயகனாகத்தான் நின்றார். மற்ற ஏற்பாட்டாளர்கள் சிலர் அவரைத் தள்ளிவைக்கப் பார்த்தார்கள், அரைமனதோடு. வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போடுகிற ஒட்டாவா விடுதி ஒன்றில் கூட்டத்து ஆக்கள் வந்து சாப்பாடு கேட்டுச் சண்டை பிடித்ததையும், அங்கேயிருந்த காவலாளிக்குத் துவேசமாகப் பேசினதையும் அந்த விடுதிக்காரரே சொன்னார்கள்.

இன்னொன்று எங்கட தொழிலுக்குள் இருக்கிற ஆக்களுக்கு மட்டும் சட்டென்று தெரியும். பிராம்டன் பக்கம் ஒரு ட்ரக் யார்டுக்குப் போய்ப் பாரும், பாதிக்கு மேல் பஞ்சாபி கேட்கும். அவர்களின் முறைப்பாடு சம்பளத்தை விழுங்குகிற சின்னக் கொம்பனிகள், பனி வழிக்காத மலைப்பாதைகள். ட்ரக்காரரின் போராட்டம் என்று பெயர் வைத்த கூட்டத்தில் இதைப்பற்றி ஒரு பலகை நான் காணவில்லை. இதைத் துவேசம் என்று சொல்லமாட்டேன். தங்கள் கண்ணுக்கு எட்டினதைத்தான் தொழில் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆகவே உம்முடைய பெடியங்கள் சொல்வதில் பாதி பிழை. கோரிக்கை துவேசம் இல்லை, போன சனத்தில் பெரும்பகுதியும் அதற்காகப் போகவில்லை. ஆனால் முன்னுக்கு நின்றவர்களில் சிலர்மேல் அந்தக் குற்றச்சாட்டு முழுக்கப் பொருந்தும், அவர்களைத் தலையில் தூக்கி வைத்த கூட்டம் அதற்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். அரசாங்கமும் சும்மா இல்லை. சட்டம் தேவைதானா என்று நேரே பதில் சொல்வதைவிட, இவர்கள் விளிம்பில் இருக்கிற ஒரு சிறு கூட்டம் என்று சொல்வது அப்போதைய பிரதமர் ட்ரூடோவுக்குச் சுகமாக இருந்தது. விளிம்பு என்றவுடன் மேம்பாலத்தில் நின்ற சின்னப் பெட்டையின் தகப்பனும் அதற்குள் போய்விட்டார். அவர் இனி யாருடைய வீடியோவைப் பார்ப்பார்?

கிளைக்கதை ஒன்று. 2009இல் ரொறன்ரோப் பொலிஸுக்குத் தலைவர் பில் பிளேர். ஒட்டாவா வீதிகளை மறித்து நின்ற கொன்வோயைக் கலைக்க 2022 பெப்ரவரி 14இல் அவசரகாலச் சட்டத்தை முதல்முறையாகக் கையில் எடுத்தபோது அந்த அரசில் அவசரகால ஆயத்த அமைச்சர், அதே பில் பிளேர். அப்போது எங்கட ஸ்காபரோ எம்பியும்தான். நாங்கள் மூன்று கிழமை தலைநகரத்தை மறித்திருந்தால் விட்டிருப்பாங்களோ என்று அந்த நாட்களில் எங்கட ஆக்கள் எல்லா வீட்டிலும் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் யூனிவர்சிட்டி அவெனியூவை நாங்களும் நாட்கணக்கில் மறித்தோம் என்பதை அப்போது ஒருத்தரும் சொல்லவில்லை.

இனி உம்முடைய சனிக்கிழமைக்கு வருவோம். கொன்வோய் ஸ்டிக்கரைவிட அதுதான் எனக்கு யோசனை. இப்போது நடக்கிற கூட்டங்களில் சில வேறு மாதிரி. 2025 செப்டம்பர் 13 ரொறன்ரோவின் கிறிஸ்டி பிட்ஸ் பூங்காவில் குடிவரவுக்கு எதிராக ஒரு கூட்டம் கூடினது, அதற்கு எதிராக இன்னொரு கூட்டமும் கூடினது. 1933 ஆகஸ்டில் அதே பூங்காவில் பேஸ்போல் விளையாட்டில் யூதருக்கு எதிரான ஆக்கள் சுவஸ்திகாத் துணியை விரித்துக் காட்ட, யூதப் பெடியங்களும் இத்தாலியப் பெடியங்களும் திருப்பி அடித்து, மணிக்கணக்கில் கலவரம் நடந்தது. இடத்தைத் தெரிந்து எடுத்தார்களோ தெரியாமல் எடுத்தார்களோ, ஊர்ச் சனத்துக்கு அது உறைத்தது.

குடிவரவைக் குறைக்கச் சொல்வதே துவேசம் என்று நான் சொல்லவில்லை. அரசாங்கமே 2024 ஒக்டோபரில் குறைத்தது, 2025க்கு ஐந்து லட்சம் நிரந்தர வதிவாளர் என்று போட்ட கணக்கை 395,000 ஆக்கினது. எங்கட பிறந்தநாள் விழாக்களில் வந்து கேளும், "ஸ்டூடன்ட் என்று சொல்லி வந்து நிறைச்சிட்டாங்கள், வாடகைக்கு வீடு இல்லை" என்று சொல்கிறவர் அகதியாக வந்து பேஸ்மன்டில் பத்துப் பேரோடு படுத்தவராக இருப்பார். வாடகை, வேலை, ஆஸ்பத்திரி வரிசை, இதெல்லாம் கதைக்க வேண்டிய விசயங்கள். எண்ணிக்கையைக் கதைக்கிறவன் வாசலைப் பற்றிக் கதைக்கிறான். "திருப்பி அனுப்பு" என்கிறவன் வீட்டுக்குள் இருக்கிற உம்மைப் பற்றிக் கதைக்கிறான், இங்கேயே பிறந்த என்னுடைய மகளையும் சேர்த்து. அந்தக் கூட்டத்தில் கொடியைத் தேடிப் பார்க்கத் தேவையில்லை, நோட்டீசே போதும்.

சட்டப் பக்கம் இரண்டு வரி. அமைதியாகக் கூடுகிற உரிமை கனடாவின் உரிமைச் சாசனத்தில் எல்லாருக்கும் எழுதியிருக்கிறது, குடியுரிமை உள்ளவருக்கு மட்டும் இல்லை. ஆனால் உம்முடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ரோட்டில் குந்துவது, பொலிஸ் விலகச் சொன்ன பிறகும் நிற்பது, இது வேண்டாம். ஒரு குற்றப்பதிவு வந்தால் எனக்கு வருகிற சேதம் வேறு, உமக்கு வருகிறது வேறு. வேலையிடத்தில் யாராவது உண்மையிலேயே துவேசம் காட்டினால் திகதி போட்டு எழுதி வையும். ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு வருசம் இருக்கிறது.

அவரிடம் கேளும், சனிக்கிழமை என்ன கேட்டுக் கூடுகிறீர்கள், யார் பேசுகிறார் என்று. ஊசிக்கதை, வரிக்கதை, விலைவாசி என்றால் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம். ஆக்களை அனுப்புகிற கதை என்றால், அதில் நானும் இருக்கிறேனா என்று கேளும். கோபமாக இல்லை, சாதாரணமாக. பெரும்பாலும், "சே, நீ இல்லை, மற்ற ஆக்கள்" என்பார். மற்ற ஆக்கள் என்றால் யார் என்றும் கேளும்.

லஞ்ச் ரூமில் எல்லாருக்கும் முன்னால் கேட்காதேயும், விட்டுக்கொடுக்க ஏலாமல் போய்விடும். அடுத்த முறை பிக்கப்பில் ஏறும்போது கேளும். ஓட்டுகிற மனிசன் ரோட்டைத்தான் பார்ப்பார், நீரும் ரோட்டைத்தான் பார்ப்பீர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. இருபது நிமிச ஓட்டம் என்று எழுதியிருந்தீர், அது காணும்.