பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உள்ளூர்ச் சாப்பாடு: கடையைவிடக் கிழமையும் மணியும் முக்கியம்

கேள்வி: பிரிட்டனும் ஐரோப்பாவும் சுற்றப் போகிறோம். பீட்சா, பர்கர், இந்தியன் ரெஸ்டாரன்ட் என்று ஓட்டாமல் அந்தந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். செலவும் கைக்குள் இருக்க வேண்டும். எப்படித் தேடுவது?

பதில்:

பலரும் நல்ல கடை எது என்று ரிவ்யூ படித்தே நேரத்தைக் கழிக்கிறார்கள். அங்கே மரபான சாப்பாடு நேரத்தோடு கட்டிப்போட்டது. நம் ஊரில் மூன்று மணிக்கு மேல் போய் மீல்ஸ் கேட்டால் 'முடிஞ்சிருச்சு' என்பார்களே, அதே கதைதான். எட்டு மணி டின்னருக்குத் திட்டம் போட்டால் கிடைப்பது பெரும்பாலும் டூரிஸ்ட் மெனு, அதுவும் கூடுதல் விலையில். பெரிய வேளையை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

காரணம், வேலைக்குப் போகிறவர்களுக்காக வார நாட்களில் மதியம் மட்டும் போடும் செட் சாப்பாடு. ஸ்பெயினில் அதன் பெயர் 'மெனு தெல் தியா'. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, ஒரு பானம் எல்லாம் சேர்த்து ஊரைப் பொறுத்து 12 முதல் 18 யூரோ. முதல் தட்டில் பருப்பு, கொண்டைக்கடலை, சூப் என்று வீட்டுச் சமையல்தான் வரும். இரவு மெனுவில் இதையெல்லாம் பார்க்க முடியாது. ஆனால் ஒரு மணிக்கு முன்னால் போனால் அடுப்பே சூடாகியிருக்காது; நாலு மணிக்கு மேல் போனால் கதவு சாத்தியிருக்கும். பிரான்ஸில் நேரம் இன்னும் கறார்: 12 முதல் 2 மணி வரை. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும் 'ப்ளா து ஜூர்' அன்றைக்குச் சமைத்தது. மெனுவில் கூரை போட்ட வாணலி மாதிரி ஒரு சின்னம் இருந்தால், அந்தப் பதார்த்தம் பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைத்தது என்று அர்த்தம். 2014 முதல் சட்டப்படி உள்ள அடையாளம் அது. ஜெர்மனியில் 'மிட்டாக்ஸ்டிஷ்', போர்ச்சுகலில் 'பிராத்து து தியா' என்ற பலகையைத் தேடுங்கள்.

பிரிட்டனில் பார்க்க வேண்டியது ஞாயிறு மதியம். சண்டே ரோஸ்ட் என்பது பப்பில் சாப்பிட வேண்டியது: மாடு, ஆடு, பன்றி, கோழி இவற்றில் ஒன்று, ரோஸ்ட் செய்த உருளைக்கிழங்கு, காய்கள், யார்க்‌ஷயர் புட்டிங், மேலே கிரேவி. ஊரையும் இறைச்சியையும் பொறுத்து ஏறக்குறைய 16 முதல் 25 பவுண்டு. மாட்டுக்கு ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேர்ச் சாஸ், ஆட்டுக்கு மின்ட் சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ் என்று துணை வரும்.

இதில் சொதப்புவது பெரும்பாலும் நேரம்தான். யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல. மாவு, முட்டை, பால் கரைசலைப் புகை வரக் காய்ந்த கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைத்தால் கிண்ணம் போல உப்பி வரும். வெளியே எடுத்து வைத்துவிட்டால் காய்ந்து தோலாகிவிடும். உருளைக்கிழங்கின் மொறுமொறுப்பும் அப்படித்தான் போகும். காலையில் ரோஸ்ட் போட்ட இறைச்சி நாலு மணிக்குள் வறண்டுவிடும், தீர்ந்தும் போகலாம். பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் மேசை கிடைக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். மாட்டிறைச்சி நடுவில் இளஞ்சிவப்பாகத்தான் வரும். பெரிய துண்டாக ரோஸ்ட் செய்து அறுப்பதால் உங்களுக்காகத் தனியாக வேக வைக்க மாட்டார்கள். நன்றாக வெந்தது வேண்டுமானால் ஓரத் துண்டாகக் கேளுங்கள்.

பல பப்களில் மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு பாரில் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கட்ட வேண்டும். உட்கார்ந்தே காத்திருந்தால் அரைமணி போனாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அது அவமதிப்பு இல்லை, வழக்கம். பாரில் டிப்ஸ் தேவையில்லை. லண்டன் ரெஸ்டாரன்ட்களில் பெரும்பாலும் பில்லிலேயே 12.5% சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கும், அப்படி இருந்தால் அதற்கு மேல் வைக்காதீர்கள்.

ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்கு ரெஸ்டாரன்ட் வேண்டாம், தெருமுனையில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துத் தரும் 'சிப்பி' கடை போதும். தெற்கில் காட் மீன், யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹாடக். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏற்கெனவே பொரித்து வைத்ததை எடுத்துத் தர வந்தால், 'புதிதாகப் பொரித்துத் தாருங்கள், காத்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. டப்பாவை மூடி அறைக்கு எடுத்துப் போனால் உள்ளே நீராவி அடைந்து மேல்மாவு ஈரத் துணி மாதிரி ஆகிவிடும். மூடியைத் திறந்து வைத்து, அருகிலேயே சாப்பிடுங்கள். கடற்கரை ஊரானால் சீகல் பறவை கையிலிருந்தே பிடுங்கும், சுவரை ஒட்டி உட்காருங்கள். ஒரு பார்சல் பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும். எடின்பரோவில் வினிகருக்குப் பதில் பழுப்பு நிறச் சாஸ் ஊற்றுவார்கள்; பிடிக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்பெயினில் அதிகம் ஏமாறுவது பாயெல்லா என்ற அரிசிச் சாப்பாட்டில். வலென்சியா முறையில் கோழி, முயல், அகலமான பச்சை பீன்ஸ், வெள்ளை மொச்சை மாதிரியான 'கரோஃபோ', குங்குமப்பூ போடுவார்கள். சில வீடுகளில் நத்தையும் உண்டு. இறால் போட்டது வேறு வகை, அதுவும் நல்லதே. அகலத் தட்டில் விரல் கனத்துக்கு மேல் அரிசி இருக்கக் கூடாது. அரிசி போட்ட பிறகே ஏறத்தாழ இருபது நிமிடம் வேக வேண்டும். எனவே 'குறைந்தது இரண்டு பேருக்கு, அரைமணிக்கு மேல் ஆகும்' என்று சொல்லும் கடையை நம்பலாம். ராத்திரியில் ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் வந்தால் அது சுட வைத்தது. வாசலில் பத்து வகைப் பாயெல்லாவின் ஃபோட்டோ பலகை இருந்தால் நகர்ந்துவிடுங்கள். தட்டின் அடியில் ஒட்டிய பொன்னிற மொறுமொறுப்பைச் சுரண்டிச் சாப்பிடாமல் எழுந்திருக்காதீர்கள்.

மியூனிக்கில் வைஸ்வூர்ஸ்ட் என்ற வெள்ளை சாஸேஜ் மதியம் 12 அடிப்பதற்குள் சாப்பிட வேண்டியது. குளிர்பதனம் வருவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம் அது, இன்றும் விடவில்லை. கன்றிறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தோடு மேசைக்கு வரும். தோலைச் சாப்பிடக் கூடாது: ஒன்றை எடுத்து நீளவாக்கில் கீறி, கத்தி முனையால் உருட்டித் தோலை உரித்துவிட்டு, இனிப்புக் கடுகில் தொட்டுக்கொள்ள வேண்டும். மற்றவை தண்ணீரிலேயே இருக்கட்டும். மேசைக் கூடையில் இருக்கும் பிரெட்ஸல் (முறுக்கு வடிவ ரொட்டி) இலவசம் இல்லை, எடுத்ததை எண்ணிக் காசு வாங்குவார்கள்.

வியன்னாவில் ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த மெல்லிய இறைச்சித் துண்டுதான் ஷ்னிட்ஸல்; மெனுவில் 'வீனர் ஷ்னிட்ஸல்' என்று மட்டும் இருந்தால் கன்றிறைச்சி. பெயரோடு வேறு சொல் சேர்ந்து, விலையும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பன்றி.

இத்தாலியில் பில்தான் பொறி. மீனுக்கு 8 யூரோ என்று பார்த்து ஆர்டர் செய்வார்கள். பக்கத்தில் 'எத்தோ' என்று சின்ன எழுத்தில் இருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். 700 கிராம் மீன் வந்தால் 56 யூரோ. சமைப்பதற்கு முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது சாதாரண விஷயம். ஃப்ளாரன்ஸ் பிஸ்டெக்கா என்ற மாட்டு ஸ்டேக்கும் எடைக்குத்தான் விலை, ஒன்று பெரும்பாலும் ஒரு கிலோவைத் தொடும், தனி ஆளுக்கு ஆகாது. 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஓரிரு யூரோ போடுவது மோசடி அல்ல, மேசைக் கட்டணம். ரோமில் வியாழன் ஞோக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை), வெள்ளி மீன், சனி குடல் என்ற பழைய வரிசையைச் சில சாப்பாட்டுக் கடைகள் இன்னும் பின்பற்றுகின்றன. போர்ச்சுகலில் கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ், சீஸுக்குக் காசு உண்டு. தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை.

பருவத்தையும் பாருங்கள். ஜெர்மனியின் வெள்ளை அஸ்பாரகஸ் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் 24 அன்று முடிகிறது. ஹாலந்தில் புது ஹெரிங் மீன் ஜூன் நடுவில் வரும். உருக்கிய சீஸில் ரொட்டி தொட்டுச் சாப்பிடும் ஃபோண்டு, பீன்ஸும் இறைச்சியும் சேர்ந்த பிரெஞ்சுக் கஸூலே எல்லாம் குளிர்கால ஆகாரம். ஜூலை வெயிலில் பீன்ஸும் வாத்துக் கொழுப்பும் சாப்பிட்டுவிட்டுக் கோட்டை ஏற முடியாது.

சைவமோ, மாடு பன்றி தொடாதவரோ ஆனால் இதைக் கட்டாயம் படியுங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 ஒவ்வாமைப் பொருட்களைக் கேட்டால் கடை சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் பால், முட்டை, கடுகு, எள் உண்டு. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இல்லை. அதனால் ஒவ்வாமை அட்டையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். யார்க்‌ஷயர் சிப்பிக் கடைகள் பலவற்றிலும் பெல்ஜியத்தின் பாரம்பரியக் கடைகளிலும் உருளைக்கிழங்கே மாட்டுக் கொழுப்பில் பொரிகிறது. 'எந்த எண்ணெய்?' என்று நேராகக் கேளுங்கள். சண்டே ரோஸ்ட்டில் கொட்டைப் பருப்புகளில் செய்த நட் ரோஸ்ட் என்ற சைவ வகை கிடைக்கும். ஆனால் கிரேவியும் உருளைக்கிழங்கும் தனியாகச் செய்ததா என்பது வேறு கேள்வி. ஸ்பெயினில் 'இறைச்சி வேண்டாம்' என்றால் ஹாம் (பன்றி) துண்டோ டூனா மீனோ போட்டுத் தருவது சகஜம். ஹாம், மீன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பர்மேசான், பெக்கோரினோ சீஸ்களில் பாலைத் திரைய வைக்க, கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேரும். வெல்ஷ் ரேர்பிட் என்ற சீஸ் டோஸ்ட்டில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரி மீன் இருக்கும்.

முட்டையும் சீஸும் சாப்பிடுபவர்கள் பயமில்லாமல் கேட்கக்கூடியவை: ஸ்பெயினின் உருளைக்கிழங்கு முட்டைத் தோர்த்தீயா, தென் ஜெர்மனியின் சீஸ் ஷ்பேட்ஸ்லெ என்ற முட்டை நூடுல்ஸ் (மேலே பன்றித் துணுக்கு போடாமல்), டஸ்கனியின் தக்காளி ரொட்டிச் சூப். ஆட்டு உள்ளுறுப்புகளில் செய்யும் ஹாகிஸுக்கு ஸ்காட்லாந்தில் சைவ வகைகூட உண்டு. 1984 முதல் விற்கிறது, பருப்பு, ஓட்ஸ், காய்களில் செய்தது, மிளகுக் காரமும் தூக்கலாக இருக்கும்.